தண்ணீர்ச் சிக்கனக் குழுவும் ஆறரை நாரும்

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்வது எளிது. ஒரு கையெழுத்துப் போட்டால் அன்று மாலையே கழுத்தில் அட்டையை மாட்டிவிடுவார்கள். வெளியே வருவது எப்படி என்பதைப் பற்றி அங்கே யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

அவளை எல்லோரும் பெட்டிக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். தகரப் பெட்டி விற்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுடைய பெட்டி கணினிக்குள் இருந்தது. அதற்குள் தண்ணீர், தண்ணீருக்குள் பெப்டைடு எனப்படும் குட்டிக் குட்டிப் புரதத் துண்டுகள். நிஜத்தில் எதுவும் கிடையாது, எல்லாம் கணக்கு. எந்த அணு எந்த அணுவை எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று கணினி ராப்பகலாகக் கணக்குப் போடும். அதன்படி துண்டுகள் திரையில் புழு மாதிரி நெளியும். இதற்குச் சிமுலேஷன் என்று பெயர். பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வரும்.

அந்தத் துண்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. சாதாரணத் தண்ணீரில் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி மின்னூட்டம் இருப்பதால், பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகளைப் போல ஒன்றையொன்று கண்டால் ஒதுங்கிப் போகும். தண்ணீரில் புளிப்பு ஏறினால் மின்னூட்டம் தணியும், பகை தீரும். ஒன்றோடொன்று ஒட்டி, வரிசையாக அடுக்கிக்கொண்டு, நாராகிவிடும். நார்கள் பின்னிக்கொண்டால் கூழாகும். யாரும் பிடித்துக் கட்ட வேண்டியதில்லை, தானாகவே கூடும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறதே, கிட்டத்தட்ட அந்தச் சங்கதிதான். ஆனால் அப்படிச் சொன்னால் யாரும் நிதி தர மாட்டார்கள் என்பதால் அப்படிச் சொல்லக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது.

உடம்பில் கட்டி வந்த இடம் மற்ற இடங்களைவிடச் சற்றே புளிப்பாக இருக்கும். புளிப்பை அளக்கிற பி.எச். கணக்கில் அது ஏறத்தாழ ஆறரை. அந்தக் கணக்கில் எண் குறையக் குறையத்தான் புளிப்பு கூடும். மருந்தைச் சுமந்துகொண்டு போகிற துண்டுகள் ஆறரையைக் கண்டதும் கூழாகி, மருந்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் என்பது இயக்குநரின் கனவு. கனவு என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். அவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அது நடந்துவிட்டதாகவே அறிவித்திருந்தார். நிறுவனத்தின் முன்வாசலில் நார் மாதிரி முறுக்கிய வெண்கலச் சிலையும் வைத்தாகிவிட்டது. பாக்கி இருந்தது ஆராய்ச்சி மட்டும்தான். அதைச் செய்யத்தான் பெட்டிக்காரம்மாவை எடுத்திருந்தார்கள்.

அவளும் செய்தாள். ஆறரையில் துண்டுகள் சேரவில்லை. திரும்பத் திரும்ப, வேறு வேறு விதமாகத் தொடங்கிப் பார்த்தாள், சேரவில்லை. நாலரையில், அதாவது தக்காளிச் சாற்றின் புளிப்பில், சேர்ந்தன. வயிற்றுக்குள் இருக்கிற புளிப்பில் அடித்துப் பிடித்துக்கொண்டு சேர்ந்தன. “ஆறரையில் சேராது” என்று அவள் தெளிவாக எழுதி, படங்களோடு கொடுத்துவிட்டு, விடுவிப்பு ஆணை கேட்டாள்.

அவளுக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. கணவரும் ஆறு வயது மகளும் வேறொரு ஊரில் இருந்தார்கள். ஓர் இரவு முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்தால்தான் போய்ச் சேரலாம். அந்த ஊர் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பழைய இடத்தின் விடுவிப்பு ஆணை இல்லாமல் சேர்த்துக்கொள்ள முடியாது, ஆனால் கொஞ்ச காலம் காத்திருக்கிறோம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். மகளுக்கு, அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அது விழுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று பெட்டிக்காரம்மா போனில் வாக்குக் கொடுத்திருந்தாள்.

நிர்வாக அதிகாரி நல்ல மனிதர். யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார்.

“உக்காருங்கம்மா. ரிலீவிங் ஆர்டர்தானே? தாராளமா வாங்கிக்கலாம். ப்ராஜெக்ட் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார். ரிசல்ட் குடுத்துட்டேன்.”

“என்ன ரிசல்ட்?”

“ஆறரையில சேரல.”

“சேரலைன்னா முடியலன்னுதானேம்மா அர்த்தம்?”

“இல்ல சார். சேராதுங்கிறதுதான் முடிவு.”

அவர் பொறுமையாகச் சிரித்தார். “நீங்க ஊருக்குக் கெளம்புறீங்க. பஸ் பாதி வழியில நின்னுடுது. ஊர் போய்ச் சேரல. பயணம் முடிஞ்சுதுன்னு சொல்வீங்களா? திட்டத்துல தெளிவா இருக்கு. துண்டுகள் ஆறரையில கூடின மறுநாள் திட்டம் முடியும். கூடட்டும், மறுநாளே நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

“அதுங்க கூடவே கூடாதுன்னா சார்?”

“நீங்க ரிட்டயர் ஆகுற வரைக்கும் வேலைக்குப் பயமே இல்ல. வெளியில அவனவன் வேலை கெடைக்காம நாயா அலையுறான். நீங்க குடுத்து வச்சவங்கம்மா.”

அவளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அதில் ஒரு கரண்டியைப் பெட்டிக்குள் ஊற்ற முடிந்திருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும்.

அந்த வாரமே கூடல் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டது. வாரந்தோறும் குழு கூட்ட அறையில் கூடி, பெரிய திரையில் துண்டுகள் கூடுகின்றனவா என்று பார்க்கும். துண்டுகள் கூடவில்லையே தவிர, குழு ஒரு வாரம்கூடத் தவறாமல் கூடியது. முதல் வாரம் ஒரு பேராசிரியர், துண்டுகளுக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருப்பதால் அவை முறைத்துக்கொண்டு நிற்பதாகத் தெரிகிறது என்றார். பச்சையாக மாற்றினார்கள். இன்னொருவர், இலக்கு என்னவென்று துண்டுகளுக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டதா என்று கேட்டார். கேட்டவர் வேடிக்கைக்காகத்தான் கேட்டிருப்பார் என்று நம்பி பெட்டிக்காரம்மா சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு விளக்கம் கேட்டார்கள். பிறகு “ஆறரையில் கூடுவோம்” என்று எழுதிய பலகை ஒன்று கணினி அறையில் மாட்டப்பட்டது. துண்டுகள் படிக்க வசதியாகத் திரையைப் பார்த்தபடி மாட்டினார்கள்.

கீழ்த்தளத்து ஆய்வுக்கூடத்தில் குடுவைக்காரர் என்று ஒருவர் இருந்தார். நிஜப் பொருளை நிஜக் கண்ணாடிக் குடுவையில் கலக்குகிற வேதியியல்காரர். அவருக்கு நிறுவனத்தில் வேலை இருந்தது, செய்வதற்குத்தான் எதுவும் தருவதில்லை. மூன்றாவது வாரம் அவர் எழுந்தார்.

“சார், அந்தத் துண்டு கொஞ்சம் நம்ம ஃப்ரிட்ஜ்ல இருக்கு. ஆறரையில ஒரு தடவை கலக்கிப் பாத்துடலாமே. காலையில போட்டா சாயங்காலம் தெரிஞ்சுடும்.”

இயக்குநரின் முகம் புளித்தது. உடனே அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நாற்காலிகளை நகர்த்தி அவர் பக்கமாக நெருங்கி உட்கார்ந்தார்கள். பெட்டிக்காரம்மா இதைக் கவனித்தாள். இந்தக் குணம் துண்டுகளுக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறதே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

“நிஜத்தை நான் கொறைச்சு மதிக்கல,” என்றார் இயக்குநர். “நிஜத்துக்கு அதோட இடம் உண்டு. ஆனா அது நம்ம கட்டுப்பாட்டுல இல்ல பாருங்க. குடுவையில போட்டுட்டோம்னு வைங்க, அது பாட்டுக்கு அதுக்கு என்ன தோணுதோ அதைச் செய்யும். திட்டக்குழு என்ன முடிவு எடுத்திருக்குன்னு அது பாக்காது. பொறுப்பு கெடையாது. சிமுலேஷன் அப்படி இல்ல. அது நம்ம வீட்டுப் பிள்ளை. சொன்னா கேக்கும், கேக்கலைன்னா கேக்குற வரைக்கும் சொல்லலாம். நான் இந்தப் பதவிக்கு வந்ததுல இருந்து ஒரு தடவைகூட நிஜத்தால எனக்கு ஒரு நன்மை நடந்ததில்ல.”

எல்லோரும் கைதட்டினார்கள். குடுவைக்காரரும் தட்டினார், அவருக்கும் குடும்பம் இருந்தது.

அன்று சாயங்காலம் போனில் குட்டி ஓவென்று அழுதாள். பல் விழுந்துவிட்டது. “நீ வர்றதுக்குள்ள விழுந்திடுச்சும்மா. நான் நாக்கால ஆட்டவே இல்ல, சத்தியமா. அதுவா விழுந்திடுச்சு.” பல்லை ஒரு டப்பியில் போட்டுப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னாள். அடுத்த பல் விழுவதற்குள் கட்டாயம் வந்துவிடுகிறேன் என்றாள் பெட்டிக்காரம்மா. சொல்லிவிட்டுப் போனை வைத்ததும், கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அந்தக் குழாய்ச் சத்தம் கேட்டோ என்னவோ, அடுத்த வாரம் தண்ணீர்ச் சிக்கனக் குழு வந்தது. அதன் தலைவர் தணிக்கையாளர். கட்டடம் முழுவதும் ஒழுகுகிற குழாய்களை எல்லாம் அடைத்து முடித்துவிட்டு, கடைசியில் கணினி அறைக்குள் நுழைந்தார்.

“இந்தத் திட்டம் எதைப் பத்தினதும்மா?”

“பெப்டைடு பத்தினது சார்.”

“ஆனா கம்ப்யூட்டர் போடுற கணக்குல பத்துல ஒம்பது பங்கு தண்ணிக்குப் போகுதுன்னு சொல்றாங்களே. யாரைக் கேட்டு இவ்வளவு தண்ணி?”

“அதுங்க தண்ணியிலதான் சார் இருக்கு. உடம்புக்குள்ள அப்படித்தானே.”

“இருக்கட்டும், வேணாங்கல. கழுத்தளவு தண்ணி போதாதா?”

பெட்டிக்காரம்மா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, பொறுமையாக விளக்கினாள். பெட்டி பெரிதாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் அதற்கு உண்மையில் சுவர்களே கிடையாது. வலப்பக்கமாக வெளியே போகிற துண்டு, அதே நொடி இடப்பக்கமாக உள்ளே வந்துவிடும். மேலே போனால் கீழே வரும். முன்னே போனால் பின்னே வரும். சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு பெரிய கடலைப் போலப் பாவனை செய்கிற உபாயம் அது. உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள்.

தணிக்கையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ எதுவுமே வெளியே போக முடியாதா?”

“முடியாது சார்.”

“எந்தப் பக்கம் போனாலும்?”

“எந்தப் பக்கம் போனாலும்.”

“ரொம்ப அருமையான ஏற்பாடும்மா,” என்றார் அவர். மனதார வியந்துதான் சொன்னார்.

“ஆனா பெட்டி சின்னதாயிட்டா ஆபத்து சார். ஒரு துண்டோட தலை வலப்பக்கமா வெளியே போயி இடப்பக்கமா உள்ளே வந்து, தன் வாலையே முட்டும். வேற யாரோன்னு நெனச்சு ஒட்டிக்கும். பாக்குறவங்களுக்கு எல்லாம் வரிசையா சேந்து நிக்கிற மாதிரி தெரியும். நிஜத்துல ஒண்ணும் சேந்திருக்காது.”

“ஒட்டிக்கிட்டா ஒத்துமைதானேம்மா. நல்லதுதானே?”

தண்ணீர் பாதியாகக் குறைக்கப்பட்டது. பெட்டியும் அதற்கேற்பச் சுருங்கியது. அதே மாதம் நிறுவனத்தின் இரண்டு வாசல்களும் சீரமைக்கப்பட்டன. மேற்கு வாசலில் வெளியே போக மட்டும் சுழல்கிற இரும்புக் கம்பிக் கதவு, கிழக்கு வாசலில் உள்ளே வர மட்டும். போகும்போதும் வரும்போதும் கழுத்து அட்டையைக் கதவில் வைத்தால் கணினியில் பதிவாகும். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தணிக்கையாளர் யாருக்கும் சொல்லவில்லை. பெட்டிக்காரம்மாவைப் பார்த்தால் மட்டும் நன்றியுணர்வோடு தலையை ஆட்டுவார்.

அடுத்த கூட்டத்தில் திரையைப் போட்டதும் அறையே எழுந்து நின்றது. பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பச்சைப் பசேலென்று ஒரு நார் ஓடியது. இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. “சொன்னேன்ல? சொன்னேன்ல?” என்று பக்கத்தில் இருந்தவரின் தோளைப் போட்டு உலுக்கினார். பேராசிரியர், பச்சை நிறம் தம்முடைய யோசனை என்பதை நினைவுபடுத்தினார். தணிக்கையாளர், தண்ணீரைக் குறைத்ததால்தான் நெருக்கம் உண்டானது என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஓர் அறிவியல் உண்மையைச் சொல்லியிருந்தார்.

பெட்டிக்காரம்மாவுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. நார் இல்லை. இடமில்லாமல் நெருக்கியடித்து, வெளியே போக வழியில்லாமல், சுற்றி வந்து தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிற துண்டுகள். சொல்வதற்கு வாயைத் திறந்தாள். கூடின மறுநாள் திட்டம் முடியும் என்று நிர்வாக அதிகாரி சொன்னது ஞாபகம் வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். அதன்பிறகு கைதட்டல் ஓய்கிறவரை அவளால் திரையைப் பார்க்க முடியவில்லை.

படிக்கட்டில் குடுவைக்காரர் மெதுவாகக் கேட்டார். “நிஜமாவே சேந்துச்சா?”

“இல்லண்ணே. வாலைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.”

“சொல்லியிருக்கலாமே?”

“பொண்ணுக்கு ரெண்டாவது பல்லும் ஆடுதுண்ணே.”

அவள் வெட்கத்தோடு கீழே இறங்கினாள். இத்தனை வருஷ வேலையில் தெரிந்தே ஒரு பொய்க்குத் துணை போனது அதுதான் முதல் தடவை. அந்த வெட்கத்துக்கு உள்ளே, நாளைக்கு ஊருக்குப் போய்விடலாம் என்கிற சந்தோஷமும் இருந்தது. அதை நினைத்து இன்னும் வெட்கப்பட்டாள்.

மறுநாள் நிர்வாக அதிகாரி எழுந்து நின்று அவளை வரவேற்றார். அதைப் பார்த்ததுமே காரியம் கெட்டது என்று அவளுக்குப் பட்டது.

“ரிலீவிங் ஆர்டர் சார். கூடிடுச்சே.”

“கூடிடுச்சு! அதனாலதான் ரெண்டாம் கட்டம் ஆரம்பிக்குதும்மா. கூடினதை இனிமே பிரிக்கணும். சேத்து வச்ச கைக்குத்தானே பிரிக்கவும் தெரியும்? உங்களை இன்றியமையாத ஊழியர்னு நேத்தே அறிவிச்சுட்டோம். இன்றியமையாதவங்களை விடுவிக்க விதியில எடமே கெடையாது. விட்டுட்டா இன்றியமையாதவங்கன்னு சொன்னது பொய்யாயிடும் பாருங்க.”

“கூடினா விட்டுடுவேன்னு சொன்னீங்களே சார்!”

“தோத்திருந்தாக்கூட என்னிக்காவது ஒரு நாள் விட்டிருப்போம். ஜெயிச்சவங்களை எப்படிம்மா விட முடியும்?” அவர் குரல் தழுதழுத்தது. “உங்க குடும்பக் கஷ்டம் எங்களுக்குப் புரியாம இல்ல. இயக்குநரே கவலைப்பட்டார். வீட்டுக்காரர் என்ன பண்றார்?”

“ஸ்கூல்ல கணக்கு வாத்தியார்.”

“கணக்கா? பேஷ்,” என்றார் நிர்வாக அதிகாரி. கணவருடைய போன் நம்பரையும் அன்போடு கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெற்றி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்தார். அவர் எந்தத் துறையில் பெரியவர் என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, ஆனால் பெரியவர் என்பதில் சந்தேகமே இல்லை. அவருடைய பாதுகாப்புக்காக எல்லோருடைய போன்களையும் வாங்கி ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். மேடையில் இயக்குநருக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கோப்பை. அதில் குடுவைக்காரர் நிஜத் துண்டுகளை ஆறரைப் புளிப்பில் கலந்து வைத்திருந்தார். கூழாகி இருந்தால் கோப்பையைக் கவிழ்த்தாலும் கொட்டாது. அதுவோ வெறும் தண்ணீராகத் தளும்பிக்கொண்டிருந்தது.

“இதோ, கூழ்!” என்றார் இயக்குநர். “சாதாரணக் கூழ் கண்ணுக்குத் தெரியும். இது அந்த நிலையைத் தாண்டிப் போன கூழ்!”

இயக்குநர் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசினார். விருந்தினருக்குத் தொண்டை வறண்டது. பக்கத்தில் கோப்பை நிறையத் தண்ணீர் இருந்தது. எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். கூட்டத்தில் குடுவைக்காரர் “ஐயோ” என்று எழுந்தே விட்டார். இயக்குநர் ஒரு கணம் திகைத்தார், ஒரு கணம்தான்.

“மனிதர்கள் மீதான முதல் பரிசோதனை!” என்று மைக்கில் முழங்கினார். “தன்னையே தந்த பெருந்தகைக்கு ஒரு கைதட்டல்!”

கைதட்டல் அடங்கியதும் பெட்டிக்காரம்மாவைப் பேசக் கூப்பிட்டார்கள். இரண்டு வார்த்தை நன்றி சொன்னால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள். இனி இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்கிற தைரியம் எங்கிருந்தோ வந்தது.

“ஆறரையில சேராது,” என்றாள். “அன்னிக்குத் திரையில பாத்தது நார் இல்ல. தண்ணியைக் கொறைச்சதால பெட்டி சின்னதாயிடுச்சு. துண்டுங்க வெளியே போக எடமில்லாம சுத்தி வந்து தன்னையே பிடிச்சுக்கிட்டு நிக்குது. அது பொய். எனக்கு அன்னிக்கே தெரியும். ஊருக்குப் போகணும்னு சொல்லாம இருந்துட்டேன். தப்பு என்னோடதுதான்.”

இதோ, வெளியே பிடித்துத் தள்ளப் போகிறார்கள் என்று அவளுக்கு நெஞ்சு லேசானது. தள்ளட்டும், ஓடிப் போய்ப் பஸ் ஏறிவிடலாம். மருத்துவமனை இல்லாவிட்டால் வீட்டில் கைமுறுக்கு சுற்றியாவது பிழைத்துக்கொள்ளலாம்.

இயக்குநர் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். “பாத்தீங்களா? இதுதான் நம்ம நிறுவனத்தோட நேர்மை! தப்பு நடந்தா மறைக்க மாட்டோம், மேடை போட்டுச் சொல்லுவோம். இந்தத் தப்பைத் திருத்த யாரால முடியும்? செஞ்சவங்களால மட்டும்தான் முடியும். திருத்தத் திட்டத்தோட தலைமைப் பொறுப்பை இந்தத் தங்கச்சிகிட்டயே ஒப்படைக்கிறேன். திருத்தி முடிக்கிற வரைக்கும் இவங்களை எங்கேயும் விடுறதா இல்ல!”

விழாவிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது. அந்தச் சத்தத்தின் நடுவில் விருந்தினர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “என்னமோ இறுக்குதே. கல்லு மாதிரி இருக்கே,” என்று முனகினார். பெட்டிக்காரம்மாவும் குடுவைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயிற்றுப் புளிப்பில் அடித்துப் பிடித்துக்கொண்டு சேரும் என்று அவள் எழுதிக் கொடுத்ததை யாராவது படித்திருந்தால் இந்த அவஸ்தை இல்லை. அந்த நிறுவனத்தின் சரித்திரத்தில் துண்டுகள் நிஜமாகக் கூடியது அந்த ஒரு வயிற்றில்தான். நீளமாக ஓர் ஏப்பம் விட்டபிறகு அவருக்குச் சரியாகிவிட்டது. அதற்குள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு விசிறிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிக்காரம்மா மேடையிலிருந்து இறங்கி நடந்தாள். போனைக் கேட்டதற்கு, நிர்வாக அதிகாரி சொன்னால்தான் அறையைத் திறக்க முடியும் என்றார்கள். அவரும் விசிறிக்கொண்டிருந்தார். போன் கிடக்கட்டும் என்று நடையைக் கட்டினாள். மேற்கு வாசல் காவலாளியும் விழா பார்க்கப் போயிருந்தார். அட்டையைக்கூட வைக்காமல், சுழல் கதவைத் தோளால் இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிரிலேயே பேருந்து நின்றது. ஆணை இல்லாமல், போன் இல்லாமல், மாற்றுத் துணிகூட இல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியதும் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் ஆள் இருந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

விடிந்து வெயில் ஏறும்போது வீட்டு வாசலில் நின்றாள். கதவு பூட்டியிருந்தது. பூட்டை ஆட்டிய சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா வந்தார்.

“நீ என்னம்மா இங்க நிக்கிற? அவங்க நீ வேலை பாக்குற ஊருக்குத்தானே நேத்து ராத்திரி பஸ் ஏறினாங்க?”

அக்காவின் போனில் கணவரைக் கூப்பிட்டாள். குட்டிதான் எடுத்தாள்.

“அம்மா! நாங்க உன் ஆபீஸுக்கு வந்துட்டோம். இங்க முறுக்கு மாதிரி பெரிசா ஒரு செலை இருக்கு. எனக்குக்கூட கழுத்துல அட்டை மாட்டி விட்டாங்க. நீ எங்க ஒளிஞ்சிக்கிட்டிருக்க?”

கணவர் போனை வாங்கினார். “ராத்திரி பூரா கூப்பிடுறேன், நீ எடுக்கவே இல்ல. உங்க டைரக்டரே நேத்து சாயங்காலம் பேசினார். குடும்ப நல ஏற்பாடாம். தண்ணீர்ச் சிக்கனக் குழுவுல கணக்குப் பாக்குற வேலை, குவார்ட்டர்ஸ், குட்டிக்கு ஸ்கூல், எல்லாம் ரெடின்னாரு. காலையிலயே வந்து சேந்தாத்தான் உண்டுன்னு ஒரே அவசரம். ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே போயி ஒரே வரியில எழுதிக் குடுத்தேன், விட்டுட்டாரு.”

“என்னங்க, எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க!”

“போட்டாச்சேம்மா. ரொம்ப நல்ல மனுஷன் ஒருத்தர் உக்கார வச்சு வாங்கினார். ஏன், நீ எங்க இருக்க?”

“நம்ம வீட்டு வாசல்ல,” என்றாள். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டாள். வழியில் எங்கோ இரண்டு பேருந்துகளும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்க வேண்டும். அவள் அந்நேரம் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா கொடுத்த பணத்தில் அடுத்த பேருந்தைப் பிடித்தாள். அது அவளைக் கிழக்கு வாசலில் இறக்கிவிட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அட்டையைக் கதவில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தாள், மறுபடியும் சிவப்பு. காவலாளி தன் திரையைக் குனிந்து பார்த்தார்.

“நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு காட்டுதும்மா.”

“நான் இங்க உங்க முன்னாடி நிக்கிறேனேண்ணே.”

“அது எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே. நீங்க வெளியே போனதாவே பதிவாகல. உள்ள இருக்கிறவங்களை இன்னொரு தடவை எப்படிம்மா உள்ள விடுறது?”

“என் பொண்ணு உள்ள இருக்கா. தயவுபண்ணுங்க.”

“நீங்களும் உள்ளதானே இருக்கீங்க. அப்புறம் என்ன கவலை?”

வெண்கல நாருக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்த குட்டி அவளைப் பார்த்துவிட்டாள். அட்டை முழங்காலில் இடிக்க ஓடிவந்து, கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஈ என்று பல்லைக் காட்டினாள். முதல் பல் இருந்த இடத்தில் புதுப் பல் பாதி முளைத்திருந்தது. பக்கத்துப் பல்லைக் காணவில்லை. பெட்டிக்காரம்மா கம்பி இடுக்கில் கையை விட்டு மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

“ஏம்மா நீ மட்டும் வெளியே நிக்கிற?”

காவலாளிதான் அன்பாகச் சொன்னார்.

“வெளியே இல்ல பாப்பா. அம்மா உள்ளதான் இருக்காங்க.”